‘ஸ்ரீகாந்த்’ திரைப்படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பார்வையற்ற தொழிலதிபர் ஸ்ரீகாந்த் பொல்லாவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஸ்ரீகாந்த்’ என்ற இந்தித் திரைப்படத்தைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். துஷார் ஹிராநந்தானி இயக்கி, ராஜ்குமார் ராவ் நடித்து, 2024 மே 10 அன்று வெளியான படம் இது. கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பார்வையின்றிப் பிறந்த குழந்தையைப் புதைப்பதற்குத் தந்தையே குழி தோண்டுவதாகப் படம் தொடங்குகிறது. உண்மையிலேயே இப்படி நடந்ததா? படத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஸ்ரீகாந்த் பொல்லா ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில், மசூலிப்பட்டினத்தை அடுத்த சீதாராமபுரம் என்ற சிற்றூரில், எழுத்தறிவில்லாத ஏழை விவசாயப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தைக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தவுடன், அதை மூச்சுத் திணறடித்துக் கொன்றுவிடும்படி அக்கம்பக்கத்தார் சிலர் பெற்றோருக்கு யோசனை சொன்னார்கள் என்பதும், பெற்றோர் அதற்குச் செவி கொடுக்கவில்லை என்பதும் அவரே பேட்டிகளில் கூறியவை. ஊரார் வாயிலிருந்து வந்த கொடுமையைப் படம் தந்தையின் கையில் கொடுத்துவிட்டது. காட்சி உலுக்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஊரே சொல்லியும் பிள்ளையை விட்டுக்கொடுக்காத பெற்றோரின் உறுதி இதில் மங்கிப்போனது எனக்கு வருத்தமே.

கிரிக்கெட் வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தின் மீதிருந்த பற்றினால் தந்தை பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்ததாகப் படம் சொல்லும் இடத்தில் நம் ஊர் வாசகர்கள் பலர் புன்னகைத்திருப்பார்கள். கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் நடந்தவைதாம். சிறுவயதில் தினமும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் சென்றும் வகுப்பில் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது, எட்டு வயதில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹைதராபாத்தின் விடுதிப் பள்ளியில் சேர்ந்தது, அறிவியல் படிப்புக்காக வழக்குத் தொடுத்தது, அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) படித்தது, 2012இல் நாடு திரும்பித் தொழில் தொடங்கியது ஆகிய அனைத்தும் உண்மை. அப்துல் கலாம் முன்னின்று நடத்திய ‘லீட் இந்தியா’ மாணவர் இயக்கத்தில், என்னவாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, இந்தியாவின் முதல் பார்வையற்ற குடியரசுத் தலைவராக வேண்டும் என்று அவர் பதில் சொன்னதும் நடந்ததே.

கேள்வி: பார்வையற்ற மாணவர் பதினோராம் வகுப்பில் அறிவியல் படிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்க முடியுமா? நீதிமன்றக் காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். மேலும், படம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடங்களைப் பார்வையற்றவர் எப்படித்தான் படிப்பார்?
(வாசகர், ஈரோடு)

பதில்: நீதிமன்றத்தில் பேசப்படும் வசனங்கள் திரைக்காக எழுதப்பட்டவை, வழக்கு உண்மையானது. பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், அன்றைய ஆந்திர மாநிலப் பாடத்திட்டத்தில் பார்வையற்ற மாணவர்கள் மேல்நிலையில் அறிவியலும் கணிதமும் எடுக்க முடியாது. வரைபடங்களும் வடிவங்களும் நிறைந்த பாடங்களை அவர்களால் கற்க இயலாது என்று அதிகாரிகள் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். மொழி, இலக்கியம், சமூக அறிவியல் ஆகியவைதாம் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஆசிரியை ஒருவரின் துணையோடு ஸ்ரீகாந்த் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். வழக்கு நடக்கும்போதே ஒரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. சுமார் ஆறு மாதங்களுக்குப் பின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதன் பயனாக மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் மற்ற பார்வையற்ற மாணவர்களுக்கும் அந்தப் பாடங்கள் திறந்துவிடப்பட்டன. அவர் வகுப்பில் 98 விழுக்காடு மதிப்பெண் பெற்றார்.

உங்கள் கேள்வியின் பிற்பாதிக்குப் படத்தில் போதிய விடை இல்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரப்பர் பரப்பிய பலகையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துக் கூர்முனைப் பேனாவால் அழுத்தி வரைந்தால், கோடு தாளின் மேல் மேடாக எழும்பும். ஆசிரியர் ஒரு பரவளையத்தை அப்படி வரைந்து கொடுத்தால், மாணவர் இரு கைகளின் சுட்டுவிரல்களையும் அதன் உச்சியில் வைத்து இருபுறமும் ஒரே வேகத்தில் இறக்கிக்கொண்டே போய், இரண்டு கைகளும் சமச்சீராக விரிவதை உணர்ந்து அதன் வடிவத்தைப் புரிந்துகொள்கிறார். கணக்குப் போடுவதற்கு, எண்களைக் குறிக்கும் சிறு கட்டைகளைத் துளைகளில் பொருத்தும் டெய்லர் பலகையும் மணிச்சட்டமும் நெடுங்காலமாகப் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்துவருகின்றன. சமன்பாடுகளையும் குறியீடுகளையும் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்தில் எழுத, தாமே பார்வையற்றவரான கணிதப் பேராசிரியர் ஆப்ரகாம் நெமத் உருவாக்கிய முறை 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் நிறம் மாறுவதைச் சொல்ல ஓர் உதவியாளரோ, நிறத்தை ஒலியாக அறிவிக்கும் கருவியோ போதும். அந்த மாற்றம் எதனால் நிகழ்ந்தது என்பதை விளக்க வேண்டியது மாணவரின் அறிவு.

ஆக, பார்வையற்றவர் அறிவியல் படிப்பதற்கான வழி ஸ்ரீகாந்த் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அந்த வழி இருக்கிறதா என்று விசாரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு விதியை எழுதி வைத்து, அதை மாற்ற ஒரு பதின்வயதுச் சிறுவன் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்களும் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, பல இடங்களில் அனுமதி பெற்று, எம்ஐடியைத் தேர்ந்தெடுத்தார். அங்கு பயின்ற முதல் வெளிநாட்டுப் பார்வையற்ற மாணவர் அவரே. சில ஆண்டுகள் கழித்து டெல்லியின் கார்த்திக் சாஹ்னி என்ற பார்வையற்ற மாணவரும் இதே போல ஐஐடிக் கதவு திறக்காமல் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றார். திறமை எங்கும் போகும் என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் அமெரிக்கா செல்ல வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிடிக்காத பாடத்தைப் படித்துக்கொண்டு உள்ளூரிலேயே இருந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இது பழைய கதை என்றும் சொல்வதற்கில்லை. பார்வையற்றவர்கள் நீதிபதிப் பணிக்கு வரக் கூடாது என்று தடுத்த மத்தியப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2025 மார்ச் மாதத்தில்தான்.

கேள்வி: ஜோதிகாவின் ஆசிரியை வேடம் எப்படி? அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இருக்கிறார். ஸ்வர்ணலதா என்ற அந்த ஆசிரியை, பாடநூல்களை ஒலிவடிவில் பதிவு செய்து கொடுத்து ஸ்ரீகாந்தைப் படிக்க வைத்தவர். பின்னாளில் பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ‘சமன்வை’ என்ற மையத்தை அவரோடு சேர்ந்து தொடங்கியவரும் அவரே. படத்தில் அவர் பெயர் தேவிகா. ‘மொழி’ படத்தில் காது கேளாத, வாய் பேசாத அர்ச்சனாவாக, இரக்கத்தைச் சிறிதும் ஏற்காத பெண்ணாக நடித்த ஜோதிகா, இங்கே அதே சுயமரியாதையை இன்னொருவருக்குக் கற்றுத் தருபவராக வருகிறார். மாணவனின் தலையை வருடிக் கண்ணீர் விடும் ஆசிரியையாக இந்தப் பாத்திரம் மிக எளிதில் ஆகியிருக்கும். ஜோதிகா அவனைக் கடிந்துகொள்கிறார், அவனோடு வாதிடுகிறார், அவன் வழி தவறும்போது முகத்துக்கு நேராகச் சொல்கிறார். படத்தில் என் மனதுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இதுவே.

கேள்வி: பார்வையுள்ள நடிகர் பார்வையற்றவராக நடிப்பது சரியா? ராஜ்குமார் ராவின் நடிப்பைப் பாராட்டும்போதே இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.
(வாசகர், பாண்டிச்சேரி)

பதில்: முதலில் நடிப்பைப் பற்றி. நம் திரைப்படங்களில் பார்வையற்றவர் என்றால் கைகளை முன்னே நீட்டித் துழாவுவதும், கறுப்புக் கண்ணாடியும், உருக்கமான பாட்டும் கட்டாயம் என்ற வழக்கம் வெகுகாலம் இருந்தது. ராஜ்குமார் ராவ் அவற்றை விட்டொழித்திருக்கிறார். படபடக்கும் இமைகள், எதிரே பேசுபவரின் குரலை நோக்கிச் சற்றே சாய்ந்த தலை, உதட்டோரம் மறையாத சிரிப்பு ஆகியவற்றாலேயே அவர் அந்த மனிதரைக் கட்டியெழுப்புகிறார். அவர் செய்யும் குறும்பும் கோபமும் பிடிவாதமும் பார்வையோடு சம்பந்தப்படாத, அந்த மனிதருக்கே உரிய குணங்களாக இருப்பது படத்தின் பெரும் பலம்.

ஆனாலும் உங்கள் உறுத்தல் நியாயமானது. 1980இல் சாய் பராஞ்ச்பே இயக்கிய ‘ஸ்பர்ஷ்’ படத்தில் பார்வையற்றோர் பள்ளியின் பார்வையற்ற தலைமை ஆசிரியராக நசீருதீன் ஷா நடித்தார். ஆனால் அந்தப் பள்ளியின் பிள்ளைகளாக வந்தவர்கள் உண்மையில் பார்வையற்ற சிறுவர்கள். அதனால்தான் அந்த வகுப்பறைகளும் விளையாட்டும் சண்டைகளும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உண்மையாக இருக்கின்றன. தலைமைப் பாத்திரத்தில் பெயர்பெற்ற நடிகர் இல்லாவிட்டால் முதலீடு கிடைக்காது என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். துணைப் பாத்திரங்களுக்கும், திரைக்கதை விவாதத்துக்கும், படப்பிடிப்பு ஆலோசனைக்கும் பார்வையற்றவர்களை அமர்த்த அந்தத் தடை இல்லையே. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது குறித்து உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று வழங்கிய தீர்ப்பு, அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும், அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவைக்கும் இடையே வேறுபாடு காட்டியதோடு, அவர்களைப் பற்றிய படைப்புகளில் அவர்களுடைய பங்கேற்பு வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. அந்த அளவுகோலின் முதல் பாதியில் ‘ஸ்ரீகாந்த்’ நன்றாகத் தேறுகிறது. தன் பார்வையின்மையைப் பற்றிய கிண்டல்களை இதில் ஸ்ரீகாந்தே சொல்கிறார். கிண்டலின் அடி விழுவது பரிதாபப்பட வந்தவரின் மேல்.

கேள்வி: அவர் நடத்தும் நிறுவனம் என்ன தயாரிக்கிறது? படத்தில் தொழிலைப் பற்றிய காட்சிகள் அவசரமாக முடிந்துவிடுகின்றனவே?
(வாசகர், சிவகாசி)

பதில்: தொழில் நடத்தும் ஊரிலிருந்து வந்த கேள்வி, குறையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பொல்லாண்ட் இண்டஸ்ட்ரீஸ்’ பாக்கு மட்டையிலிருந்து தட்டு முதலிய பொருள்களையும், மறுசுழற்சிக் காகிதத்திலிருந்து பொட்டலப் பொருள்களையும் தயாரிக்கும் நிறுவனம். பாக்கு மட்டைத் தட்டின் செய்முறை எளிமையானது. கமுகு மரத்திலிருந்து தானே உதிரும் மட்டையைச் சேகரித்து, நீரில் ஊறவைத்துக் கழுவி, சூடேற்றிய அச்சுக்குள் வைத்து அழுத்தினால் தட்டு உருவாகிவிடும். ஓரத்தை நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பசையோ வேதிப்பொருளோ தேவையில்லை. ஒரே வரிசையில், ஒரே இடத்தில், கைப்பழக்கத்தால் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய வேலைகளில், எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை மட்டும் மாறாமல் காத்தால், பார்வையற்றவரின் கை மற்றவர் கைக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல.

முதலீட்டாளர் ரவி மந்தா தொடக்கத்திலேயே அவரோடு கைகோத்தார்; படத்தில் அந்தப் பாத்திரத்தை ஷரத் கேல்கர் ஏற்றிருக்கிறார். பின்னர் ரத்தன் டாடாவும் முதலீடு செய்தார். கொரோனாவுக்கு முன் அங்கு பணியாற்றிய சுமார் 500 பேரில் 36 விழுக்காட்டினர் உடற்குறைபாடோ மனநலச் சிக்கலோ உள்ளவர்கள். இந்த எண்ணுக்குப் பின்னாலிருக்கும் மனிதர்களை, அவர்களுடைய பணியிடத்தை, முதல் சம்பளம் வாங்கிய வீட்டை, ஒரு பத்து நிமிடமாவது படம் காட்டியிருக்க வேண்டும். கதாநாயகனின் வெற்றியைக் காட்ட ஆலையின் வாசல் போதுமென்று நினைத்துவிட்டார்கள். உள்ளே சென்றிருந்தால் இது இன்னும் மேலான படமாகியிருக்கும்.

மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரில் பாவேஷ் பாட்டியா என்ற பார்வையற்றவர் மெழுகுவர்த்தித் தொழில் தொடங்கி, பார்வையற்ற பலருக்கு வேலை கொடுத்துவருவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்ரீகாந்த் ஓர் அபூர்வப் பிறவி என்று ஒதுக்கிவிடாமலிருக்க இத்தகைய பெயர்கள் உதவும்.

கேள்வி: இரண்டாம் பாதியில் ஸ்ரீகாந்தைத் திமிர் பிடித்தவராகக் காட்டியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை, அதுவும் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவரை, அப்படிக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.
(வாசகி, சேலம்)

பதில்: எனக்கு நேர் எதிரான எண்ணம், அம்மா. புகழும் பணமும் வந்த பின் கூட்டாளியோடு பிணங்குவதும், அரசியல் ஆசை வருவதும், உடனிருந்தவரைச் சந்தேகிப்பதும் எல்லா மனிதருக்கும் நேரக் கூடியவை. பார்வையற்ற கதாநாயகனுக்கு மட்டும் அந்தக் குறைகள் இருக்கக் கூடாது என்று நாம் எதிர்பார்த்தால், அவரை மனிதராக ஏற்பதற்குப் பதில் பூஜையறைப் படமாக மாட்டி வைக்கிறோம் என்றுதான் பொருள். தன்னைப் பற்றிய படத்தில் இந்தப் பகுதி இடம்பெறச் சம்மதித்த ஸ்ரீகாந்த் பொல்லாவின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. குறை சொல்வதானால், அந்தத் தவறுகளைப் படம் அவசரமாகத் தொட்டு, அதைவிட அவசரமாக மன்னித்து, மேடைப் பேச்சு ஒன்றில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதைத்தான் சொல்வேன். ‘பாப்பா கஹ்தே ஹைன்’ என்ற 1988ஆம் ஆண்டுப் பாட்டைப் புதுப்பித்து ஒலிக்கவிடும் இடங்கள் நெகிழ வைக்கின்றன என்றாலும், சில இடங்களில் காட்சி செய்ய வேண்டிய வேலையைப் பாட்டிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

கேள்வி: பார்வையற்ற என் கணவரோடு திரையரங்குக்குச் செல்லும்போது, வசனம் இல்லாத காட்சிகளை நான் காதோடு காதாகச் சொல்ல, அருகிலிருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். இதற்கு வழி உண்டா?
(வாசகி, சென்னை)

பதில்: உண்டு. வசனங்களுக்கு இடையே காட்சியை விவரிக்கும் ஒலிவர்ணனையைக் கைப்பேசிச் செயலி வழியாகக் காதில் மாட்டும் ஒலிக்கருவியில் கேட்கும் வசதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. திரையில் ஓடும் ஒலியோடு செயலி தன்னைத்தானே பொருத்திக்கொள்ளும். 2023 ஜனவரியில் ‘பதான்’ இந்திப் படத்தின் இணையவெளியீட்டுக்கு ஒலிவர்ணனையும் எழுத்துவரிகளும் தயாரிக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் உள்ளவர்கள் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை 2024 மார்ச்சில் வெளியிட்டது. நீங்கள் செல்லும் படத்துக்கு அந்த வசதி இருக்கிறதா என்று திரையரங்கில் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்து மூலமாகக் கேளுங்கள். உங்கள் கணவரும் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் உள்ளே வருகிறார்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வை மிகவும் குறைவு. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஸ்ரீகாந்த்’ பார்த்ததிலிருந்து கணிதம், கணினி அறிவியல் எடுக்க வேண்டும் என்கிறாள். உறவினர்கள் வேண்டாம் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அவள் விரும்பும் பாடத்திலேயே சேர்த்துவிடுங்கள். கணினி அறிவியல் இன்று பார்வையற்றவர்கள் மிகச் சிறப்பாகச் செய்யும் துறைகளுள் ஒன்று. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை உருவாக்கியவர்களே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர்தாம். அது முற்றிலும் இலவசம், தமிழையும் படிக்கும். இன்றே வீட்டுக் கணினியில் நிறுவி அவளைப் பழகவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. ஆகவே மாவட்ட அரசு மருத்துவமனையில் சான்றிதழும், தேசிய அளவில் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஒலிநூல்களுக்கும் மின்வடிவ நூல்களுக்கும் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் இருக்கிறது. பிரெயில் நூல்கள், தொட்டுணரும் வரைபடங்கள் பற்றிப் பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரிக்கலாம். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் முழுமையாகப் பார்வையற்றவராக இருந்தும் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்ததை உறவினர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை, சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் பெறவும் மத்திய அரசின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல், தேர்வர் பெயர்ப் பட்டியல் தயாராகும் சமயத்திலேயே தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணிதத் தேர்வுக்கு எழுத வருபவர் கணிதக் குறியீடுகளைச் சொல்லக் கேட்டு எழுதப் பழகியவராக இருக்க வேண்டும் என்பதால், அவரை முன்கூட்டியே பேசிவைத்து, மாதிரித் தேர்வுகளில் மகளோடு சேர்ந்து எழுத வையுங்கள்.